அவள் முதலில், நான் பிறகு

ஜெர்மனிக்குப் போவதென்று முடிவு பண்ணிவிட்டோம். கல்யாணமாகி முதல் வருடம் ஓடிக்கொண்டிருக்கிற வீட்டில் இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி, "மாப்பிள்ளைக்கு எந்தக் கம்பெனி?" மாப்பிள்ளைக்கு அங்கே கம்பெனி எதுவும் கிடையாது. வேலை கிடைத்திருப்பது என் மனைவிக்கு. அவள் நர்ஸ். தெற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊர் மருத்துவமனை. தலைக் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவள் கிளம்புகிறாள். நான் பின்னால் போகிறேன்.

எங்கள் குமரி மாவட்டத்துக்கு இது புதுக் கதை இல்லை. மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை வட்டாரத்தில் நர்ஸிங் படித்த பெண்ணுக்கு வரன் பேசும்போதே "பி2 முடிச்சாச்சா?" என்று கேட்கிற காலம் வந்துவிட்டது. பி2 என்பது ஜெர்மன் மொழித் தேர்வில் நான்காவது படி. அதை முடித்த பெண் என்றால் எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் விமானம் ஏறிவிடுவாள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டியவன், அல்லது கட்டப்போகிறவன், என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. சம்பளம் எவ்வளவு வரும், அதை ரூபாயில் பெருக்கினால் எவ்வளவு என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. கூடப் போகிறவர் அங்கே போய் என்ன செய்வார், எந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலை கேட்பார், எந்த மொழியில் கேட்பார் என்று கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் நடந்த பேச்சு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவள் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் இருக்கிறாள். ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறாள் என்று அவள் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். கல்விக்கடன் தவணையும் பஸ் செலவும் போனால் சம்பளத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அவள் வெளிநாடு போக நினைத்தது என்னைக் கட்டுவதற்கு முன்பே. பெண் பார்க்கப் போனபோது அவளே அதை என்னிடம் நேராகச் சொன்னாள். "எனக்குப் போணும். கூட வர முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க." எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

அங்கே போனவுடன் அவள் நர்ஸ் ஆகிவிட மாட்டாள் என்பதைப் பலர் சொல்வதில்லை. நர்ஸ் வேலை ஜெர்மனியில் அரசு அங்கீகாரம் இல்லாமல் செய்ய முடியாத வேலை. நம் ஊர்ப் படிப்பின் மதிப்பெண் பட்டியல், எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் நடந்தது என்கிற விவரம், நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு எல்லாவற்றையும் மொழிபெயர்த்து அனுப்பினால், அந்த மாநிலத்து அதிகாரிகள் அவர்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு கடிதம் தருவார்கள். இன்னின்ன பாடத்தில் இவ்வளவு குறைகிறது என்று அதில் எழுதியிருக்கும். டெஃபிட்சிட் பெஷைட் என்று அதற்குப் பெயர்; எங்கள் ஊர் நர்ஸுகள் 'டெஃபிசிட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தக் குறையை அங்கே போய் ஒரு தழுவல் பயிற்சியில் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு அறிவுத் தேர்வில் தேற வேண்டும். அதற்குப் பிறகுதான் 'உர்குண்டே' என்கிற அங்கீகாரச் சான்றிதழ். அது கைக்கு வரும்வரை அவள் உதவியாளர் சம்பளத்தில்தான் இருப்பாள்.

உதவியாளர் சம்பளத்துக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நாங்கள் முதல் நாளே எழுதிப் பார்த்தோம். முதியோர் பராமரிப்புத் துறைக்கு அந்த நாடு வைத்திருக்கிற குறைந்தபட்சக் கூலியை அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். 2025 ஜூலையிலிருந்து உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, முழுத் தகுதி பெற்ற நர்ஸுக்கு 20.50 யூரோ. வாரத்துக்கு முப்பத்தெட்டரை மணி நேரம் என்று வைத்தால் உதவியாளராக மாதம் கிட்டத்தட்ட 2,700 யூரோ, நர்ஸாக 3,400. அவள் ஒப்பந்தத்தில் இருப்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் இதெல்லாம் பிடித்தத்துக்கு முந்தைய கணக்கு. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையில்லாக் காலக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலேதான் கையில் வரும். அதிலிருந்து வாடகை. வாடகையிலும் சூடேற்றும் செலவு சேராத தொகை ஒன்று, சேர்ந்த தொகை ஒன்று என்று இரண்டு உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் உதவியாளர் சம்பளத்தில் ஒருத்தி சிக்கனமாக இருந்து ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம். வேலையில்லாத ஒருவரையும் வைத்துக்கொண்டு தனி வீடெடுத்து இருப்பது பெரும் இழுபறி.

நாங்கள் ரோமன் கத்தோலிக்கர்கள். அங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கத்தோலிக்கர் என்று எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன் வுர்ட்டம்பர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. சம்பளத்தில் 8 சதவீதம் இல்லை, வரித்தொகையில். நிறையப் பேர் 'மதம் இல்லை' என்று எழுதிவிடச் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, கோயிலில் வைத்துத் தாலி கட்டிய கல்யாணம் எங்களுடையது. நானும் அவள் பக்கம்தான். மாதம் சில யூரோவுக்காக அந்தக் கட்டத்தில் பொய் எழுத வேண்டாம்.

பணத்தைவிட எங்களை அதிக நேரம் பேசவைத்தது அந்த வேலையின் தன்மை. அவளுடைய சீனியர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் போனில் சொன்னது இதுதான்: நம் ஊரில் நோயாளிக்கு உடம்பு துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் கூட இருக்கிற பைஸ்டாண்டரும் ஆயாவும் செய்கிற வேலை. அங்கே அது நர்ஸின் வேலை. பைஸ்டாண்டர் என்று ஒரு ஆளே கிடையாது. மாறாக, இங்கே தினமும் நூறு தடவை செய்கிற ஐவி குத்துகிற வேலையை அங்கே பெரும்பாலும் டாக்டர்தான் செய்வார். ஐசியூ அனுபவத்தோடு போகிற பல பெண்கள் முதல் மாதத்தில் இதை நினைத்து அழுதுவிடுகிறார்களாம்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ரொம்பச் சாதாரணமாக, கோவிட் வார்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அப்போது சொந்தக்காரர் யாரையும் உள்ளே விடவில்லை. பிபிஇ கிட்டைப் போட்டுக்கொண்டு கஞ்சி ஊட்டியது, டயப்பர் மாற்றியது எல்லாம் அவர்கள்தான். ஒரு பெரியவர் வீடியோ காலில் பேத்தியிடம் பேச வேண்டும், முகத்தில் தாடி மண்டிக் கிடக்கிறது, இப்படிப் பேச மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். ரெண்டு கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்க, கண்ணாடியில் ஆவி படிய, ரேசரை எடுத்து இவளே சவரம் செய்துவிட்டிருக்கிறாள். "அந்த வேலை எனக்கு வராதுன்னு நினைக்காதீங்க. அதுக்கு அங்க ஒழுங்காச் சம்பளம் குடுக்காங்கன்னா இன்னும் நல்லது," என்றாள். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏஜெண்ட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டார், கூடவே ஒரிஜினல் சான்றிதழ்களையும் 'பத்திரமாக' அவரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983-ஆம் வருடச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஏஜெண்ட் யார் என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு முப்பதாயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பக்கத்தில் கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ் 2021-இல் ஜெர்மன் அரசு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு 'ட்ரிப்பிள் வின்' திட்டத்தில் நர்ஸுகளை அனுப்புகிறது. அதில் நர்ஸிடம் காசு வாங்குவதில்லை, ஆளை எடுக்கிற முதலாளிதான் செலவை ஏற்கிறார். இந்த ஒரு உதாரணம் போதும், லட்சம் லட்சமாகக் கேட்பவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசிக்க. இலவசமாக மொழி கற்றுத்தருகிறோம் என்று சொல்கிற இடத்திலும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசியுங்கள். இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் படிப்புச் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரி இருக்கலாம். அவள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தது. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, மாதத்துக்கு மாதம் அது குறையுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கின பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தாள் வேலைகளில் கல்யாணப் பதிவு முக்கியம். கோயில் சர்டிபிகேட் போதும் என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடத்துச் சட்டம் எந்த மதமானாலும் கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்கிறது. கல்யாண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள்வரை. பின்னால் துணைக்கான விசா கேட்கும்போது அந்தத் தாள்தான் நீங்கள் இரண்டு பேரும் கணவன் மனைவி என்பதற்குச் சாட்சி. விருந்து முடிந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள்.

அந்த அலுவலகத்தில் வைத்துத்தான் பெயர்ப் பேச்சும் வந்தது. அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் அவள் அப்பா பெயர் இருக்கிறது. என்னுடையதில் என் அப்பா பெயர். நம் ஊரில் இனிஷியலாக இருக்கிற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயர் ஆகும்போது கணவனும் மனைவியும் வேறு வேறு குடும்பம் மாதிரித் தெரிகிறார்கள். என் பெயருக்கு மாற்றிவிடச் சொல்லி ரெண்டு பக்கத்திலும் ஆலோசனை வந்தது. நாங்கள் மாற்றவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவு, மொழித் தேர்வுச் சான்றிதழ், டெஃபிசிட் கடிதம்வரை எல்லாம் அவள் அப்பா பெயரில் இருக்கிறது. பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு மேஜையிலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளைப் படிக்கவைத்தவர் பெயர் அவளோடு போகட்டும் என்பதும் ஒரு காரணம்.

இனி என் கதை. எனக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அப்பா சவுதியில், தம்மாமில், டர்னராக வேலை பார்த்துச் சம்பாதித்த காசில் போட்டது. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங், வெல்டிங் செட். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த நாளிலிருந்து நான் அங்கேதான். எங்களுக்கு வருகிற வேலையில் பாதி ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர். புஷ் தேய்ந்துபோய், ஷீட் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வருகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். மீதிப் பாதி கடற்கரை ஊர்களிலிருந்து வருகிற படகு ஷாஃப்ட். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம். புரொபல்லர் உட்காருகிற இடத்தில் ஷாஃப்டை டேப்பராகக் கடைய வேண்டும். அந்த டேப்பர் புரொபல்லரின் துளையோடு முழுசாக ஒட்டி உட்காரணும். நீலச் சாயம் தடவி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தால், எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று தெரியும். ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் ஒட்டியிருந்தால் திரும்ப லேத்தில் ஏற்றணும். கடலுக்குள் போகிறவன் உயிர் அதில் இருக்கிறது. சாயம் முழுக்கப் பரவி ஒட்டியிருப்பதைப் பார்க்கிற அந்த நிமிடத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன். அதை விட்டுவிட்டுப் போவதென்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

ஒருநாள் சித்தப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்து நேராகவே கேட்டார். "பொண்டாட்டி சம்பாதிக்க, நீ அங்க சோறு பொங்கிட்டு இருக்கப் போறியாடே?" சோறு பொங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நைட் டியூட்டி முடிந்து வருகிறவளுக்குச் சோறு யார் பொங்குவது என்று திருப்பிக் கேட்டேன். ஆனால் அவர் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் அதைக் கௌரவப் பிரச்சினையாகக் கேட்டார். நான் அதைப் பிழைப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். நான் அங்கே போனால் என்ன வேலை செய்வேன்?

துணையாகப் போகிறவருக்கு ஜெர்மனியில் வேலை செய்ய உரிமை உண்டு. தனியாக வேலை விசா வேண்டாம், எந்த முதலாளியிடமும் சேரலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்கள் மற்ற நாடுகளைவிட இதைப் பெரிதாக நினைத்தோம். ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்காவில் எச்1பி விசாக்காரரின் மனைவியோ கணவனோ எச்4-இல் போனால், மற்றவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் வேலை அனுமதி கேட்கவே முடியும். சிங்கப்பூரில் 2021 மே மாதத்துக்குப் பிறகு துணை பாஸில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமென்றால், பெரும்பாலும் தனியாக வேலை பாஸ் வாங்கியாக வேண்டும். பிரிட்டனில் 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்புப் பணியாளராகப் போனவர்களால் குடும்பத்தைக் கூட்டிப்போகவே முடியவில்லை. ஒரே கல்யாணம், ஒரே ஜோடி. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை வைத்து இரண்டாவது ஆளின் வாழ்க்கை முழுக்க மாறிவிடுகிறது. வெளிநாட்டு வரன் பேசுகிற வீடுகளில் சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் படித்த பெண்ணாகத்தான் இருக்கிறாள், கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள்.

உரிமை இருக்கிறது, சரி. என் வேலை அங்கே அங்கீகாரம் கட்டாயமில்லாத வேலை. நர்ஸைப் போல அரசாங்கத் தாள் இருந்தால்தான் மெஷினைத் தொடலாம் என்றில்லை. விரும்பினால் டிப்ளமோவை நூரெம்பர்க்கில் இருக்கிற ஐஎச்கே ஃபோஸா என்கிற அமைப்புக்கு அனுப்பி ஒப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம், அது இருந்தால் சம்பளம் பேச உதவும். நான் அனுப்பப் போகிறேன். ஆனால் கையால் ஓட்டுகிற லேத் மட்டும் தெரிந்தால் போதாது. அதனால் சிஎன்சி புரோகிராமிங் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஃபானக் கன்ட்ரோல் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. அங்கே சீமென்ஸும் ஹைடன்ஹைனும் அதிகம் என்பதால் அதற்கும் வழி தேடுகிறேன்.

அதைவிடப் பெரிய மதில் மொழி. அவள் அங்கீகாரப் பயிற்சிக்கான விசாவில் இருக்கும்வரை துணைக்கான விசாவுக்கு ஏ1 தேர்வு வேண்டும். ஐடி வேலையில் ப்ளூ கார்டில் போகிறவர்களின் துணைக்கு அது கேட்பதில்லை, எங்களுக்கு உண்டு. ஏ1 என்பது பெயர் சொல்லி, வழி கேட்டு, கடையில் சாமான் வாங்குகிற அளவு. அதை வைத்து ஃபோர்மேன் சொல்வதைப் புரிந்துகொண்டு மெஷினில் நிற்க முடியாது. பாதுகாப்பு விதி சொல்வது புரியாமல் லேத் பக்கம் போகக்கூடாது என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு பி1 வேண்டும்.

ஆக, எங்கள் முன்னால் இருந்தது இதுதான். இரண்டு பேரும் சேர்ந்தே போக வழி தேடுவது. அல்லது அவள் முன்னால் போய், உதவியாளர் சம்பளத்தில் ஆஸ்பத்திரி விடுதி அறையில் இருந்து, பயிற்சியை முடித்து உர்குண்டே வாங்குவது, அந்த நேரத்தில் நான் இங்கே பி1 முடித்துவிட்டுப் போவது. சேர்ந்து போக வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் போதிய வருமானமும் இருக்க இடமும் காட்ட வேண்டும், விசாவும் மாதக்கணக்கில் இழுக்கும். அதையெல்லாம் தாண்டிப் போனாலும், அவள் ஷிஃப்டுக்கும் படிப்புக்கும் ஓடுகிற காலத்தில் நான் மொழி தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளே சொன்னாள்: "அத்தான், நீங்க வந்து ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்கதுக்கு, இங்க லேத்துல நிக்கதுதான் எனக்கு நிம்மதி. எனக்குப் படிக்கணும். உங்க மொகம் வாடிக் கெடந்தா எனக்குப் படிப்பு ஏறாது."

கல்யாணம் ஆன கையோடு பிரிந்து இருக்கக்கூடாது என்று அவள் வீட்டில் வருத்தப்பட்டார்கள். எனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதில் எங்கள் இரண்டு பேரையும் விட அதிகம் பேசத் தகுதி உள்ளவர் அம்மா. அவர் கல்ஃப்காரன் மனைவியாக வாழ்ந்தவர். அப்பா இருந்த சம்பளத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக விசா கிடையாது. கடிதம் வரும், யாராவது லீவுக்கு வந்தால் அவர்கள் கையில் பேசிப் பதிந்த கேசட் வரும். நான் பிறந்ததை அப்பா தெரிந்துகொண்டதே கடிதத்தில்தான். அம்மா இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார், வீடு கட்டினார், மேஸ்திரியிடம் சண்டை போட்டார், தாத்தாவை அடக்கம் செய்தார்.

அம்மா வேண்டாம் என்று சொல்வார் என்றே நான் நினைத்தேன். அன்றைக்கு மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தாமல் சொன்னார்: "அவ போட்டும் மக்களே. பிள்ளைக்குப் படிப்பிருக்கு, போட்டும். உனக்க அப்பா கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசந்தான் இருந்தாவ. அடுத்த லீவுக்கு வந்தா மொத்தமா நின்னுருவேன்னு சொல்லிட்டுப் போனாவ. ஒவ்வொரு லீவுக்கும் அதையே சொன்னாவ. நீங்க ஒரு தேதி எழுதி வைங்க. தேதி இல்லாமக் காத்துக் கெடக்காதீங்க."

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "அம்மை சொன்னதைச் செய்," என்றார்.

செய்தோம். அடுத்த வருடக் கிறிஸ்மஸ். அதற்குள் நான் பி1 முடிக்க வேண்டும், அவள் உர்குண்டே வாங்க வேண்டும், துணை விசாவுக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஏதோ காரணத்தால் அவளுடைய தேர்வு தள்ளிப்போனால், அல்லது என் விசா மறுக்கப்பட்டால், அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் லீவில் வருவாள். மேலும் ஒரு தவணை கொடுப்பதா, அவள் வேலையை விட்டுத் திரும்புவதா என்று அப்போது பேசுவோம். படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தால் அதற்கான தொகையை இப்போதே தனி டெபாசிட்டில் போட்டிருக்கிறோம். ஒருத்தர் வற்புறுத்தி மற்றவரைத் தவணை நீட்டிக்க வைக்கக்கூடாது என்பதும் பேச்சு. இதை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

சின்னச் சின்னப் பண விஷயங்களையும் பேசி முடித்தோம். வேலைக்காக வெளிநாடு போனபின் இங்கே இருக்கிற சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது, என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அவள் வங்கியில் அதற்கான படிவத்தை வாங்கி வைத்திருக்கிறாள். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு தனி. நகை பெரும்பாலும் லாக்கரில், இரண்டு பேர் பெயரிலும். அவள் போட்டுக்கொண்டு போகிற தாலிச் சங்கிலிக்கும் வளையலுக்கும் போகிற அன்றே விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்ப வரும்போது வரிப் பேச்சு எழாது. திருவனந்தபுரத்தில் அதற்காகவே முன்கூட்டிப் போகிறோம்.

பிள்ளை விஷயம் முடிவாகவில்லை. உர்குண்டே வரும்வரை வேண்டாம் என்பதில் இரண்டு பேரும் ஒன்று. பிறகு அங்கேயா, இங்கே அம்மாக்கள் பக்கத்திலா என்பதில் அவளுக்கு ஒரு எண்ணம், எனக்கு ஒரு எண்ணம். அங்கே பெற்றோர் இரண்டு பேரும் லீவைப் பிரித்து எடுத்தால் பதினாலு மாதம்வரை பெற்றோர் உதவித்தொகை உண்டு என்று அவள் சொல்கிறாள். எனக்கு என் பிள்ளை முதல் வருடம் பாட்டி மடியில் கிடக்க வேண்டும். இதை இப்போதே முடிக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் பேச்சை மூடிவைக்கவும் இல்லை. அப்பா அம்மாவுக்கு வயதாவது அதைவிடக் கனமானது. முழு அங்கீகாரத்தோடு மூன்று வருடம் வேலை பார்த்து, ஓய்வூதியச் சந்தா கட்டி, பி1 மொழியும் இருந்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். எல்லோரும் அந்த மூன்று வருடத்தைச் சொல்லித்தான் ஆசை காட்டுகிறார்கள். எங்களுக்கு அந்த மூன்று வருடம் திரும்பிப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டிய இடம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எப்படி இருக்கிறார்கள், நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம்.

பட்டறையைச் சித்தப்பா மகன் எடுத்து நடத்தப் போகிறான். என்னோடு சேர்ந்து வளர்ந்தவன், கை சுத்தமான டர்னர். சித்தப்பா அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்டாரே, இப்போது பத்திரம் எழுதுவதில் முன்னால் நிற்பவர் அவர்தான். வாடகையாக ஒரு தொகை அப்பா கையில் மாதாமாதம், மெஷின் பராமரிப்பு அவன் செலவு, எதையும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. படகு ஷாஃப்ட் எதையும் சாயம் போட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பத்திரம் எழுதுகிறவர் இதெல்லாம் ஒப்பந்தத்தில் வராது தம்பி என்றார். எழுதுங்கள் என்றேன், எழுதினார். காலம் மூன்று வருடம். அதற்குப் பிறகு லேத்தை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்பதை அவளும் நானும் பேசி முடிவெடுப்போம். அப்பா சம்மதித்துவிட்டார். எனக்கு ஏ1 தேர்வுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இரண்டு இடத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.